செம்மறியின் ருசியும் கொறங்காட்டுப் புல்லும்

செம்மறி ஆட்டைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு, அது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அகப்பட்டதையெல்லாம் வழித்துத் தின்பதாகவே தோன்றும். கிட்டப் போய்ப் பார்த்தால் அப்படியில்லை. ஒரே புல் தூரில் இலையைக் கிள்ளிக்கொண்டு தண்டை விட்டுவிடும். ஒரு செடியை மோந்து பார்த்து விலகி, ஒரு சாண் தள்ளியிருக்கும் இன்னொன்றை அடியொட்டிக் கடிக்கும். எதை, எந்தப் பருவத்தில், எந்தப் பொழுதில் தின்பது என்பதில் அதற்குத் தீர்மானமான விருப்பு வெறுப்பு உண்டு. ஒரு மேய்ச்சல் காடு பத்து வருடம் கழித்தும் புல்லாக இருக்குமா, கட்டாந்தரையாகிவிடுமா என்பது பெரும்பாலும் இந்த விருப்பு வெறுப்பைப் புரிந்துகொண்டு ஆட்டை விடுவதில்தான் இருக்கிறது.

பொறுக்கித் தின்பதற்கென்றே அதன் வாய் அமைந்திருக்கிறது. ஆடு மாடுகளுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. அங்கே கெட்டியான ஈறுத் திண்டு மட்டும் இருக்கும். கீழ்த்தாடையின் எட்டு முன்பற்களை அந்தத் திண்டில் அழுத்தி, தலையை வெடுக்கென்று இழுத்துப் புல்லை அறுக்கின்றன. மாடு நாக்கை நீட்டிப் புல்லைச் சுருட்டி வாய்க்குள் இழுப்பதால், புல் ஓரளவு உயரமாக இருந்தால்தான் அதற்கு வாய் நிறையும். செம்மறிக்கு முகவாய் குறுகல். மேலுதடு நடுவே பிளந்து இரு பாதியும் தனித்தனியே அசையும். காய்ந்த சருகுக்கு நடுவே நிற்கும் ஒற்றைப் பச்சை இலையை அந்த உதட்டால் எடுத்துவிடும். மண்ணுக்கு மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை ஒட்டக் கடிக்கவும் அதனால் முடியும். வெள்ளாட்டுக்கும் ஏறக்குறைய இதே உதடுதான் என்றாலும், அது பின்னங்காலை ஊன்றி எழுந்து மரத்தழையைத் தேடும். செம்மறியின் நாட்டமெல்லாம் தரையில்தான்.

திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கங்களிலும், அதை ஒட்டிய கரூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதிகளிலும் கொறங்காடு என்ற மேய்ச்சல் காடுகள் உண்டு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையெங்கும் கொழுக்கட்டைப் புல் என்று அமைந்த மானாவாரி நிலம் அது. ஐப்பசி மழை விட்டு மூன்று நான்கு வாரம் கழிந்த ஒரு காலையில் படலைத் திறந்து மந்தையை உள்ளே விட்டால், செம்மறியின் ருசி என்னவென்று வரிசையாகப் பார்க்கலாம். முதல் அரை மணி நேரம் ஆடுகள் ஓரிடத்தில் நிற்காது. நடந்துகொண்டே கொய்யும். தரையோடு படர்ந்த நரிப்பயறு முதலில் காலியாகும். செப்புநெருஞ்சிக்கும் நல்ல கிராக்கி. அடுத்தது கொழுக்கட்டையின் இளம் இலை. கதிர் வாங்கிய தண்டை உதட்டால் ஒதுக்கிவிட்டு இலையை மட்டும் உருவிக்கொள்ளும். ஊசிப்புல் குருத்தாக இருக்கும்வரை தின்னும். கதிரில் ஊசி கட்டிவிட்டால் வாயில் குத்தும் என்பதால் கிட்டப் போகாது. எருக்கு, ஆவாரைப் பக்கம் திரும்புவதே அரிது. புதுப் புழுக்கை கிடக்கும் இடத்துப் புல் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் மோந்துவிட்டு நகர்ந்துவிடும்.

வெயில் ஏறியதும் மந்தை வெள்வேல நிழலில் கூடி, ஒன்றன் வயிற்றடியில் இன்னொன்று தலையைச் செருகிக்கொண்டு அசை போடும். பொழுது சாயும்போது இரண்டாவது சுற்று தொடங்கும். காலையில் தொடாமல் விட்ட முற்றிய புல்லையும் அப்போது ஓரளவு தின்னும். மொத்தத்தில் ஒரு நாளில் 8 முதல் 10 மணி நேரம் மேய்ச்சலுக்கும், கிட்டத்தட்ட அதே அளவு நேரம் அசை போடுவதற்கும் போகும். மதிய வெயிலில் ஆட்டை விரட்டி மேய்ப்பதால் வயிறு நிறைவதில்லை. காலையிலும் அந்தியிலும் கிடைக்கும் மேய்ச்சல்தான் உடம்பில் ஒட்டும்.

இளசைத் தேடுவதற்கு ஊட்டக் கணக்கு காரணம். இளம்புல்லின் உலர் எடையில் புரதம் 10 சதவீதத்தைத் தாண்டும். அதே புல் கதிர் வைத்து முற்றிக் காய்ந்தால் 3, 4 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள்தான் நாரைச் செரிக்கின்றன. அவை பெருகத் தீவனத்தில் குறைந்தது 7 சதவீதமாவது புரதம் வேண்டும். அதற்குக் கீழே போனால் செரிமானம் மந்தப்பட்டு, தின்றது வயிற்றிலேயே தங்கி, ஆடு தின்னும் அளவும் குறைந்துவிடும். பங்குனி சித்திரையில் காட்டில் காய்ந்த புல் மண்டிக் கிடந்தும் ஆடு மெலிகிறதே என்று வளர்ப்பவர்கள் திகைப்பதற்கு விடை இதுதான். 30 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு நாளொன்றுக்கு உலர் எடையில் சுமார் ஒரு கிலோ தீவனம் வேண்டும். பச்சைப் புல்லாகக் கணக்கிட்டால் நான்கைந்து கிலோ. அந்த ஒரு கிலோவில் சத்து எவ்வளவு என்பது புல்லின் வயதைப் பொறுத்தது.

எது நல்லது என்று ஆட்டுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் புரவென்சாவும் அவருடைய குழுவினரும் இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். குட்டி தன் தாயின் பக்கத்தில் மேய்ந்து, தாய் தின்பதைத் தின்று பழகுகிறது என்பது அவர்கள் கண்ட முதல் விஷயம். இரண்டாவது, தின்ற பிறகு உடம்பில் நடப்பதை ஆடு அந்தத் தீவனத்தின் ருசியோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்கிறது. வயிற்றைப் புரட்டிய செடி அடுத்த முறை கசக்கிறது, தெம்பு கொடுத்த செடி இனிக்கிறது. வெளியூர்ச் சந்தையில் வாங்கிவந்த ஆடு புதுக் காட்டில் முதல் சில வாரங்கள் அலைந்து திரிந்து அரைவயிறாக நிற்பதும், உள்ளூர் ஆடு தொடாத நச்சுச் செடியை அது கடித்துவிடுவதும் இதனால்தான். அப்படி வாங்கி வந்தவற்றைப் பழகிய மந்தையோடு சேர்த்து விடுவது நல்லது.

ஆனால் நல்லதை மட்டுமே கொடுத்தாலும் செம்மறி அதோடு நின்றுவிடுவதில்லை. 1990களில் இங்கிலாந்தில் நடந்த சோதனைகளில், நிலத்தின் ஒரு பாதியில் ரைகிராஸ் புல்லையும் மறுபாதியில் வெள்ளை கிளாவர் என்ற பயறுவகைச் செடியையும் தனித்தனியே வளர்த்து, செம்மறிகளை இஷ்டப்படி மேய விட்டார்கள். கிளாவர் வேண்டிய மட்டும் இருந்தும், ஆடுகள் தின்றதில் ஏறத்தாழ 70 சதவீதம்தான் கிளாவர், மீதி புல். காலையில் கிளாவர் பக்கமே நின்றவை, மாலையாக ஆகப் புல் பக்கம் நகர்ந்தன. நரிப்பயறும் கொழுக்கட்டையும் கலந்து வளரும் காட்டுக்கு இருக்கும் மதிப்பு இதிலிருந்து விளங்கும். செம்மறிக்கு வேண்டியது கலப்புத் தீனி.

பொறுக்கித் தின்பது ஆட்டுக்கு லாபம். புல்லுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க, புல்லின் உடலமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்றச் செடிகளுக்கு வளரும் முனை உச்சியில் இருக்கிறது. கிள்ளினால் அந்தத் தண்டு நின்றுவிடும். புல்லுக்கு வளரும் முனை மண்ணை ஒட்டித் தூருக்குள் பத்திரமாக இருக்கிறது. இலையும் அடியிலிருந்தே நீள்கிறது. அதனால் ஒரு முறை கடிபடுவது புல்லுக்குப் பெரிய சேதமில்லை. அளவோடு மேய்ந்தால் பக்கக் கிளைகள் வெடித்துத் தூர் அடர்த்தியாகும். அளவு மீறினால் அடி விழுவது வேரில். ஃபிராங்க்ளின் கிரைடர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1955ல் வெளியிட்ட சோதனை முடிவுகள் இதைத் துல்லியமாகக் காட்டின. இலைப்பகுதியில் 40 சதவீதம் வரை வெட்டியபோது வேர் வளர்ச்சி நிற்கவில்லை. பாதிக்கு மேல் வெட்ட வெட்ட வேர்கள் வளர்வதை நிறுத்தின. 80 சதவீதத்தை ஒரே வெட்டில் எடுத்தபோது எல்லா வேர்களும் 12 நாட்கள் வளராமல் நின்றன. பாதியைத் தின்னக் கொடு, பாதியை நிலத்தில் விடு என்று உலகெங்கும் மேய்ச்சல் நிபுணர்கள் சொல்வதற்கு இந்த அளவுகளே ஆதாரம்.

இங்கேதான் செம்மறியின் ருசி புல்லுக்கு எதிரியாகிறது. ஆடு கடித்த தூரில் ஒரு வாரம், பத்து நாளில் புதுத் துளிர் வரும். அந்தக் காட்டிலேயே அதைவிட இளசான, புரதம் மிகுந்த தீனி வேறு இருக்காது. மந்தை இன்னும் அங்கேயே இருந்தால் நேரே அந்தத் தூரைத் தேடிப் போய் மறுபடியும் கடிக்கும். வேரில் சேமித்த சத்தைச் செலவழித்துத் துளிர்த்த புல், அந்தச் செலவை மீட்பதற்குள் இலையை இழக்கிறது. மூன்றாவது முறை துளிர்க்கத் தெம்பிருக்காது. பக்கத்திலேயே ஆடு விரும்பாத ஊசிப்புல்லும் ஆவாரையும் ஒரு கடியும் படாமல் பூத்து விதை உதிர்க்கும். இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படிப் போனால் காட்டில் முதலில் சாவது மிக நல்ல புல்; கடைசியில் மிஞ்சுவது எதற்கும் உதவாத களை. ஆடு அதிகமாகிவிட்டது, அதனால் காடு அழிந்தது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான்.

மீதி உண்மையை அழுத்தமாக எழுதியவர் பிரான்ஸ் நாட்டு விவசாயியும் உயிர்வேதியியல் அறிஞருமான ஆந்த்ரே வுவாசான். புல்லின் விளைச்சலைப் பற்றி 1957ல் வெளிவந்த நூலில், கேடு விளைவிப்பது கால்நடைகளின் எண்ணிக்கையைவிட அவை ஓரிடத்தில் தங்கும் நாட்களே என்று அவர் வாதிட்டார். 20 ஆடுகள் ஒரு காட்டில் 50 நாள் மேய்ந்தாலும், 100 ஆடுகள் 10 நாள் மேய்ந்தாலும் தின்ற புல் ஒன்றுதான். முதல் முறையில் நல்ல தூர்கள் நான்கைந்து தடவை கடிபடும். இரண்டாவது முறையில் ஒரு தடவையோடு தப்பி, மீதி 40 நாளும் ஓய்வாக வளரும். கூட்டமாகக் குறுகிய காலம் விட்டால் ஆடுகள் பொறுக்கித் தின்ன அவகாசமும் குறைவு. சுமாரான புல்லும் சேர்ந்து கடிபடும்.

கொங்கு விவசாயிகள் இந்த நூல்களையெல்லாம் படித்துக் கொறங்காட்டை உருவாக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில், ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றியே மழை பெய்யும் சரளை மண்ணில், பயிர் செய்து தோற்ற அனுபவத்திலிருந்து வந்த ஏற்பாடு அது. சொந்த நிலத்தைச் சில ஏக்கர் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முள்ளுக்கிளுவையால் உயிர்வேலி போட்டு, ஒரு படல் வைத்திருப்பார்கள். ஒரு துண்டில் புல் தீர்ந்தால் அடுத்த படல் திறக்கும்; முதல் துண்டு மூடப்படும். நிலம் போதாதவர்கள் பக்கத்துக் கொறங்காட்டைக் குத்தகைக்குப் பிடிப்பார்கள். வேலி இருப்பதால் ஆட்டின் பின்னாலேயே நாள் முழுக்க ஒருவர் அலைய வேண்டியதில்லை. மேய்ப்பவர் செய்ய வேண்டிய வேலையைப் படல் செய்கிறது.

இந்த நிலத்துக்குக் கொழுக்கட்டைப் புல்லைப் போல் பொருந்துவது வேறில்லை. பல்லாண்டு வாழும் புல் அது. தூரின் அடிப்பாகம் தடித்துச் சத்தைச் சேர்த்து வைக்கும். வேர் இரண்டு மீட்டர் ஆழத்துக்கும் இறங்கும். கோடையில் செத்தது போலக் கருகி நின்றாலும் ஒரு மழைக்குப் பச்சை பிடித்துவிடும். ராஜஸ்தானத்தின் வறண்ட மேய்ச்சல் நிலங்களிலும் முதன்மையான புற்களில் இதுவும் ஒன்று. வெள்வேல மரம் நிழலுக்கு மட்டுமன்று. புல் தீர்ந்துபோகும் கோடையில் அதன் காய்கள் உதிர்ந்து ஆடுமாடுகளுக்குப் புரதத் தீனியாகின்றன. காயைத் தின்ற ஆட்டின் வயிற்றில் ஊறி வெளியேறும் விதை, புழுக்கையோடு விழுந்த இடத்தில் முளைத்து அடுத்த தலைமுறை மரமாகிறது. கடினமான தரையில் வளரும் இந்தத் தீனியில் மேச்சேரி செம்மறி நன்றாகவே தேறும். கம்பளி இல்லாத, இளம்பழுப்பு நிறக் கறியினம் அது. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் இதற்கென்று தனி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

காட்டைப் பராமரிப்பதில் மிகப் பெரிய தவறு நடப்பது மழைக்குப் பிந்தைய முதல் வாரங்களில். கோடை முழுக்கக் காய்ந்த தீனி தின்ற ஆட்டுக்குப் பச்சை தெரிந்ததும் விடத் தோன்றுவது இயல்புதான். ஆனால் அப்போது புல் வேரிலிருந்த சேமிப்பைக் கொண்டு துளிர்த்திருக்கிறது. இலை போதுமான அளவு விரிந்து சம்பாதிக்கத் தொடங்கும்வரை அது கடன்காரன். புல் ஒரு சாண் உயரம் தாண்டும்வரை படலை மூடிவைத்து, அதுவரை சோளத்தட்டும் மரத்தழையும் கொடுத்துச் சமாளிப்பதே முறை. பிறகு திறந்தால், நான்கு விரல் உயரம் மிஞ்சும்போது ஆட்டை வெளியே எடுத்துவிட வேண்டும். மறுபடி திறப்பது எப்போது என்று நாள் குறிக்க முடியாது. மழைக்காலத்தில் ஐந்தாறு வாரம் போதும். தை பிறந்து ஈரம் வற்றிவிட்டால் இரண்டு மாதத்திலும் பழைய உயரம் வராது. நாட்காட்டியைப் பார்ப்பதைவிடப் புல்லைப் பார்ப்பது மேல்.

ஆண்டுதோறும் ஏதாவது ஒரு துண்டையாவது கதிர் முற்றி விதை உதிரும்வரை மேயாமல் விட வேண்டும். எல்லா ஆண்டும் அதே துண்டாக இல்லாமல் மாற்றி மாற்றி விடலாம். விதை உதிர்ந்த பின் ஆட்டை விட்டால், குளம்பு மிதித்து விதையை மண்ணில் பதிக்கும் வேலையும் நடந்துவிடும். புல் அடியோடு போன இடத்தில் கொழுக்கட்டையைப் புதிதாக விதைக்க ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும். அறுத்த உடனே விதைத்தால் சரியாக முளைக்காது. சில மாதங்கள் உறங்கிய பழைய விதையே முளைப்புக்கு நல்லது. ஆழமாகப் புதைக்கவும் கூடாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 நீலக்கொழுக்கட்டை இந்த வகை நிலத்துக்கு ஏற்றது. நரிப்பயறு அருகிப்போன காட்டில் முயல் மசாலைக் கலந்து விதைப்பதால் பயறுவகைத் தீனியும் கிடைக்கும், மண்ணில் தழைச்சத்தும் சேரும். தரை இறுகிப் புல் நலிந்த கொறங்காட்டைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை நல்ல மழையில் உழுது சோளம் விதைத்து, தட்டு அறுத்தபின் மறுபடி புல்லுக்கு விடும் வழக்கமும் உண்டு.

மேய்ச்சலை மாற்றிவிடுவதில் ஆட்டின் உடல்நலமும் அடங்கியிருக்கிறது. குடற்புழுவின் முட்டைகள் புழுக்கையோடு விழுந்து, ஈரமும் வெப்பமும் இருந்தால் ஒரு வாரத்தில் தொற்றக்கூடிய இளம்புழுக்களாகி, புல்லின் அடிப்பாகத்தில் ஏறி நிற்கும். அவற்றில் பெரும்பகுதி தரையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள்தான். மொட்டையாக மேய்ந்த காட்டில் ஆடு தின்பதே அந்த இரண்டு அங்குலத்தைத்தான். இரத்தம் உறிஞ்சும் உருளைப்புழு அப்படித்தான் மந்தையில் பெருகி, தாடைக்கடியில் நீர் கோக்கச் செய்து, குட்டிகளைச் சாய்க்கிறது. பசிபிக் தீவு நாடான டோங்காவில் 1990களில் நிலத்தைப் பத்துத் துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் வீதம் வெள்ளாடுகளை மேயவிட்டு, 35 நாளுக்கு ஒரு முறை பழைய இடத்துக்குத் திருப்பினார்கள். புழு முட்டைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. முட்டை பொரித்துத் தொற்றும் நிலைக்கு வருமுன் ஆடு வெளியேறுகிறது. திரும்பி வருவதற்குள் இளம்புழுக்களில் பெரும்பாலானவை வெயிலில் மடிகின்றன. பனி காய்ந்த பிறகே செம்மறியை மேய்ச்சலுக்கு விட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதிலும் பொருளிருக்கிறது. ஈரமான புல்லில்தான் இளம்புழு மேலே ஏறும்.

மழைக்குப் பின் திடீரென்று கிடைக்கும் கொழுத்த பச்சைத் தீனி துள்ளுமாரி நோய்க்கும் வாசல் திறக்கும். குடலில் இருக்கும் நச்சுக் கிருமி ஒரே இரவில் பெருகி, மந்தையில் நன்றாகத் தேறிய ஆட்டையே முதலில் கொல்லும். மழைக்காலத்துக்கு முன் தடுப்பூசி போட்டுவிட்டு, முதல் சில நாட்கள் காலையில் கொஞ்சம் காய்ந்த தட்டு கொடுத்தபின் பச்சைக்கு விட்டால் இந்த இழப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். மழை பொய்த்துக் குன்றிய சோளப் பயிரிலும், அறுத்த தாளிலிருந்து வரும் மறுதுளிரிலும் ஹைட்ரோசயனிக் அமில நச்சு மிகும். அந்தக் காட்டுப் பக்கம் மந்தையை ஓட்டவே கூடாது.

செம்மறியை மட்டும் மேய்ப்பதைவிட மாட்டோடு கலந்து மேய்ப்பது புல்லுக்கு நல்லது. மாடு உயரமான, முற்றிய புல்லைக் குறைத்துக் கொடுத்தால், பின்னால் வரும் செம்மறிக்கு அடியிலிருக்கும் இளசு எட்டும். மாட்டுச் சாணத்தைச் சுற்றி வளரும் புல்லை மாடு ஒதுக்கினாலும் செம்மறி தின்றுவிடும். ஒன்றின் குடற்புழுக்களில் பெரும்பாலானவை இன்னொன்றில் பிழைப்பதில்லை என்பது கூடுதல் லாபம். காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் ஒரே கொறங்காட்டில் மேய்வது வெறும் பழக்கமன்று, நல்ல கணக்கு.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம் செம்மறிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதிக்குக் கிளுவை வேலியும் படலும் கிடையாது. புறம்போக்கு, தரிசு, அறுவடை முடிந்த வயல், சாலையோரம் என்று அலைந்துதான் வயிறு நிறைகிறது. பொது நிலத்தில் ஒருவர் தம் மந்தையை விலக்கிப் புல்லுக்கு ஓய்வு கொடுத்தால், மறுநாள் அடுத்தவர் மந்தை அந்தத் துளிரைத் தின்றுவிடும். நல்ல புல் போன இடங்களில் சீமைக்கருவேலம் ஏறிவிட்டது. அதன் காயைத் தின்று விதையைப் பரப்புவதும் இதே ஆடுகள்தான். கொறங்காடுகளும் காற்றாலைக்கும் வீட்டுமனைக்கும் துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு முறை புல் தூரைப் பறித்து மண்ணைப் புரட்டிவிட்டால், கிளுவையும் வெள்வேலும் கொழுக்கட்டையும் சேர்ந்த அந்தக் காட்டை மறுபடி உண்டாக்க ஒரு தலைமுறை பிடிக்கும். கொறங்காட்டை வைத்திருப்பவர்கள் அதை விற்காமல் வைத்திருக்கத் தக்க ஆதரவை அரசு தர வேண்டும். மேய்ச்சல் புறம்போக்கு உள்ள ஊர்களில் ஆடு வளர்ப்பவர்கள் ஒன்றுகூடி, வருகிற ஐப்பசி மழைக்கு முன் அதில் கால் பங்கையாவது வேலியடைத்து, ஆறு வாரம் மூடிவைத்துப் பார்க்க வேண்டும்.